குழந்தைக்கு ஒரு குரோஷா கார்டிகன்: தருமபுரிக் குளிருக்கு ஒரு கணக்கு

குரோஷாவில் குழந்தை ஸ்வெட்டர் பின்னக் கத்துக்கொடுக்கும் வீடியோக்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பனி பெய்யும் ஊர்களுக்கானவை. கெட்டியான கம்பளி நூல், கழுத்துவரை மூடிய அமைப்பு, மேலே ஒரு குல்லா. அதை அப்படியே தருமபுரியில் பின்னினால் குழந்தைக்கு வேர்க்குருதான் மிச்சம். சரி, நம்ம ஊருக்கு ஸ்வெட்டரே வேண்டாமா என்றால் அதுவும் இல்லை. மார்கழி, தை மாத விடியற்காலையில் இந்தப் பக்கம் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைமேல் இருக்கும் ஊர்களில் இன்னும் குளிரும். ஆனால் அதே நாள் பத்து மணிக்கு வெயில் சுள்ளுன்னு அடிக்கும்.

ஆக நமக்கு வேண்டியது ஓயாமல் சூடு கொடுக்கும் சட்டை இல்லை. விடியலில் மூடி, வெயில் ஏறினதும் குழந்தையை எழுப்பாமல் திறந்துவிடக்கூடிய சட்டை. முன்பக்கம் திறந்த கார்டிகன் அதைத்தான் செய்யும். நூல், தையல், அளவு, பொத்தான் எல்லாவற்றையும் இந்த ஒரு காரணத்தை வைத்தே முடிவு பண்ணலாம் என்பதுதான் இந்தக் குறிப்பின் சாரம். கொக்கி ஊசியைப் பிடித்துச் சங்கிலி போடத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பின்னத் தெரியாதவர்களும் முதல் பாதியைப் படிக்கலாம், கடையில் வாங்கும்போது உதவும்.

பெயரில் ஒரு போர்

கார்டிகன் என்பது ஒரு பிரபுவின் பட்டப் பெயர். 1854 அக்டோபர் 25-ஆம் தேதி, கிரிமியப் போரில் பாலக்லாவா என்ற இடத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை ஒன்று ரஷ்ய பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்தது. அதை நடத்திப் போனவர் ஏழாவது கார்டிகன் பிரபு. முன்பக்கம் திறந்த பின்னல் சட்டைக்கு அவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அதே போரில் பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி ராக்லன் பிரபு. 1815-இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்தவர். கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாக இறங்கும் கைவைப்புக்கு 'ராக்லன்' என்று இவர் பெயர். நாம் இங்கே பின்னப்போவது ராக்லன் கை வைத்த கார்டிகன். ஒரே போரின் இரண்டு தளபதிகள் ஒரு கைக்குழந்தையின் சட்டையில் வந்து சேர்ந்திருக்கிறார்கள், பாருங்க.

பெயர்க் கதை எப்படியோ, அமைப்புக்குக் காரணம் இருக்கிறது. முன்பக்கம் திறந்த சட்டையைத் தலைவழியாக மாட்ட வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு இது பெரிய விஷயம். குழந்தையைப் படுக்க வைத்து, சட்டையை அடியில் விரித்து, கையை மட்டும் நுழைத்தால் போதும். ராக்லன் கையில் அக்குளுக்கு அடியில் இடம் தாராளமாக இருப்பதால் கையை முறுக்க வேண்டியதும் இல்லை.

குழந்தை ஏன் சீக்கிரம் குளிர்ந்து போகிறது?

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 36.5-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டிய நிலை. 32-க்குக் கீழே உயிருக்கு ஆபத்து. நமக்குக் குளிரினால் உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். பச்சிளங்குழந்தைக்கு அந்த நடுக்கம் சரியாக வராது. முதுகு, கழுத்துப் பகுதிகளில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு தேடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால் சூடு வேகமாக வெளியேறும். ஈரம் ஆவியாவது, குளிர்ந்த தரை அல்லது துணியைத் தொடுவது, காற்று வீசுவது, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த சுவருக்கு வெப்பம் கதிராகப் போவது என்று நான்கு வழிகள். சட்டை இவற்றில் சிலவற்றைத் தடுக்கும். ஈரத்தைத் தடுக்காது. நனைந்த சட்டை இன்னும் மோசம்.

இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. குறைந்த எடை, குறைப்பிரசவம் ஆகியவை காரணங்களாக அப்போது சொல்லப்பட்டன. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு எந்த ஸ்வெட்டரும் மருத்துவத்துக்கு ஈடாகாது. அவர்களுக்குச் சூடு தரும் முதல் இடம் தாயின் மார்பு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், டாக்டர் எட்கர் ரே இதை முறையாகத் தொடங்கினார். குழந்தையை வெறும் உடம்போடு தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டிக்கொள்வது. 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று இப்போது நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித் தருகிறார்கள். 2,500 கிராமுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் பிறந்த உடனேயே இதைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

அந்த நிலையில் குழந்தைக்குப் போடச் சொல்வது குல்லா, காலுறை, அணையாடை, அதோடு முன்பக்கம் திறந்த சட்டை. முன்பக்கம் ஏன் திறந்திருக்கணும்? அங்கேதான் தோலும் தோலும் படணும். பின்பக்கத்தை மட்டும் சட்டை மூடணும். கழுத்து மூடிய ஸ்வெட்டரால் இது முடியாது.

நூல்: 'உல்லன்' என்பது கம்பளி இல்லை

நம்ம ஊர் ஃபேன்சி ஸ்டோரில் "உல்லன் நூல் குடுங்க" என்று கேட்டால் கலர் கலராக எடுத்துப் போடுவார்கள். அதில் பெரும்பாலானது ஆட்டு ரோமம் இல்லை, அக்ரிலிக். அதாவது ஒரு வகை பிளாஸ்டிக் இழை. லேபிள் இல்லாமல் உதிரியாக வாங்கினால் நெருப்பு வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்க. அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறினதும் கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி ஆகும். ஆட்டு ரோமம் மெதுவாகக் கருகும், முடி பொசுங்கிய வாடை அடிக்கும், கையால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். நான் தருமபுரியில் வாங்கி வந்த மூன்று வகை 'உல்லன்' நூலும் மணியாகத்தான் உருகின.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயன் உண்டு. குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிற வீடுகள் இன்னும் நிறைய. தணல் தெறித்தால் பருத்தியும் எரியும்தான். ஆனால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகை குழந்தையின் நுரையீரலுக்கும் நல்லதில்லை. பழக்கத்தை விட முடியாதவர்கள் ஸ்வெட்டரையாவது கழற்றி வையுங்கள்.

அப்போ நிஜக் கம்பளிக்குப் போகலாமா? நம்ம பக்கத்து ஆடுகளை வைத்து யோசித்தால் விடை கிடைக்கும். சேலம், ஈரோடு, தருமபுரி வட்டாரத்துக்கு உரிய மேச்சேரி இனத்து ஆட்டுக்கு உடம்பில் குட்டை முடிதான், கம்பளி கிடையாது. இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கிற இனம். தருமபுரி, சேலம் பக்கம் காணப்படும் இன்னொரு இனமான திருச்சி கருப்பு ஆட்டுக்கு ரோமம் உண்டு, ஆனால் முரடு. அது கம்பளிப் போர்வைக்கு ஆகும், குழந்தைத் தோலுக்கு ஆகாது. மெல்லிய ரோமம் தரும் நீலகிரி இனம் குளிர்ந்த மலையில் வாழ்வது. ஆடு எப்படியோ அப்படித்தான் அந்த ஊர்ச் சட்டையும். சமவெளி ஆட்டுக்கே வேண்டாத கம்பளி நம்ம குழந்தைக்கு எதுக்கு?

பருத்திதான் சரி. அரூரில் பருத்தி ஏலம் நடக்கிற மாவட்டம் இது. நூலாக வரும்போது வேறு ஊர் மில்லிலிருந்துதான் வரும் என்றாலும் நம்ம தோலுக்குப் பழக்கமான துணி. வேர்வையை உறிஞ்சும், வெந்நீரில் துவைக்கலாம். குறையும் உண்டு. நனைந்தால் கனக்கும், சூட்டைப் பிடித்து வைக்காது, மெதுவாகக் காயும். பால் கக்கினாலோ ஈரம் பட்டாலோ உடனே மாற்றணும். அதனால் ஒன்றுக்கு இரண்டாகப் பின்னி வைப்பது நல்லது. கடையில் 'நாலு இழை பருத்தி நூல்' என்று கேளுங்கள். லேஸ் போடும் மெல்லிய குரோஷா நூல் இதற்கு உதவாது. 150 கிராம் அளவுக்குப் பிடிக்கும். ஒரே சாயத்தில் பிறகு கிடைக்காமல் போகலாம், 200 கிராம் வாங்கிவிடுங்கள்.

தையல்: ஓட்டை இல்லாத ஒன்று

நூல் சூடு தருவதில்லை. நூலுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. குரோஷாப் பின்னல் தடிப்பாக இருப்பதால் காற்று நிறையத் தங்கும். ஆனால் பெரிய ஓட்டை இருந்தால் காற்று உள்ளே வந்து வெளியே போய்விடும். சிப்பி, விசிறி, பூ என்று அழகான வடிவங்கள் குழந்தை உடுப்பில் வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஓட்டையிலோ உள்பக்கம் தொங்கும் நூலிலோ குழந்தையின் விரல் மாட்டிச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். குழந்தை அழும், நமக்குக் காரணம் தெரியாது. நூல் முனைகளைக் குறைந்தது மூன்று திசையில் ஓட்டி மறைத்துவிட்டுத்தான் வெட்டணும்.

நான் எடுத்துக்கொள்வது ஹாஃப் டபுள் தையல். ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றி, தையலுக்குள் நுழைத்து, நூலை இழுங்கள். இப்போது ஊசியில் மூன்று கண்ணிகள். மறுபடி நூலைப் பிடித்து மூன்று வழியாகவும் ஒரே இழுப்பில் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். அடர்த்தியாகவும் இருக்கும், விறைப்பாகவும் ஆகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் ஒரே பெயரை வேறுவேறு தையலுக்குச் சொல்கிறார்கள். அமெரிக்க 'சிங்கிள்' ஆங்கிலேயருக்கு 'டபுள்'. அமெரிக்க 'டபுள்' ஆங்கிலேயருக்கு 'டிரெபிள்'. அமெரிக்க 'ஹாஃப் டபுள்' ஆங்கிலேயருக்கு 'ஹாஃப் டிரெபிள்'. இந்தியாவில் பழைய பின்னல் புத்தகங்களில் ஆங்கிலேய வழக்கு, இப்போதைய வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. அம்மாவின் பழைய புத்தகத்தைப் பார்த்து ஒரு பாதியும் வீடியோ பார்த்து மறு பாதியும் பின்னினால் அளவு எங்கேயோ போய்விடும். இந்தக் குறிப்பில் எல்லாமே அமெரிக்க வழக்குதான்.

அளவு: பிறந்த தேதியைப் பார்க்காதீங்க, மார்கழியைப் பாருங்க

நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்தபோது மார்புச் சுற்றளவு சுமார் 31 முதல் 33 செ.மீ. இருக்கும். மூன்று மாதத்தில் 40-ஐ ஒட்டி வரும், ஆறு மாதத்தில் 43 அளவு. வளைகாப்புக்குக் கொடுக்கப் பின்னுகிறவர்கள் பிறந்த குழந்தை அளவையே நினைத்துக்கொள்கிறார்கள். சித்திரையில் பிறக்கும் குழந்தைக்கு அந்த அளவில் பின்னினால் ஒரு நாள்கூடப் போட முடியாது. மார்கழி வரும்போது அதற்கு எட்டு மாதம். ஐப்பசியில் பிறந்தால் மார்கழியில் இரண்டு மாதம். குழந்தை மார்கழியில் எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டு ஊசியை எடுங்கள்.

மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்குச் சட்டையின் சுற்றளவு 48 செ.மீ. வைக்கலாம். உள்ளே பருத்தி ஜபலா ஒன்று போடவும் இடம் இருக்கும். இனி மாதிரித் துண்டு. 3.5 மி.மீ. ஊசியில் ஒரு சாண் அகலத்துக்கு ஹாஃப் டபுள் போட்டு, துவைத்து, காயவைத்து, பிறகு அளவு எடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், அதனால் துவைக்காமல் எடுத்த அளவு பொய். 10 செ.மீ. அகலத்தில் 18 தையல், 10 செ.மீ. உயரத்தில் 13 வரிசை வரணும். அதிகம் வந்தால் ஊசியைப் பெரிசாக்குங்கள், குறைந்தால் சின்னதாக்குங்கள். ஒரு செ.மீ.க்கு 1.8 தையல், 48 செ.மீ.க்கு 86 தையல். கீழே சொல்கிற எண்ணெல்லாம் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

பின்னல்: கழுத்திலிருந்து கீழே

கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்குவதால் தனித்தனித் துண்டுகளைத் தைத்து ஒட்ட வேண்டியதில்லை. உள்ளே தையல் மடிப்பு உறுத்தாது. நீளம் போதாவிட்டால் அடுத்த வருஷம் கீழ்ப்பக்கத்தை அவிழ்த்து இன்னும் நாலு வரிசை சேர்க்கலாம்.

தோள்பகுதி. 47 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 46 ஹாஃப் டபுள் வரும்படி முதல் வரிசை. இந்த 46-ஐ மனதில் இப்படிப் பிரியுங்கள்: முன்பக்கம் 8, மூலை 1, கை 6, மூலை 1, முதுகு 14, மூலை 1, கை 6, மூலை 1, முன்பக்கம் 8. மூலை வரும் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு ஹாஃப் டபுள், ஒரு சங்கிலி, ஒரு ஹாஃப் டபுள் என்று ஒரே இடத்தில் போடணும். மற்ற இடங்களில் ஒன்றுக்கு ஒன்று. நான்கு மூலையிலும் ஒன்று இரண்டாவதால் முதல் வரிசை முடியும்போது 50 ஹாஃப் டபுள், நான்கு சங்கிலி இடைவெளி இருக்கும்.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு சங்கிலி போட்டுத் திரும்புங்கள் (இந்தச் சங்கிலி தையல் கணக்கில் சேராது). தையலுக்குத் தையல் ஹாஃப் டபுள். மூலையின் சங்கிலி இடைவெளி வரும்போதெல்லாம் அதே ஹாஃப் டபுள், சங்கிலி, ஹாஃப் டபுள். ஒவ்வொரு வரிசையிலும் 8 தையல் கூடும். 12 வரிசை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். முன்பக்கங்கள் 20, 20. கைகள் 30, 30. முதுகு 38. மொத்தம் 138. உயரம் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

உடம்பைப் பிரித்தல். 13-வது வரிசை: முன்பக்கத்தின் 20 தையல், மூலை இடைவெளியில் 1, பிறகு 2 சங்கிலி. கையின் 30 தையலை அப்படியே விட்டுத் தாண்டி, அடுத்த மூலை இடைவெளியில் 1, முதுகு 38, மூலையில் 1, 2 சங்கிலி, அடுத்த கையைத் தாண்டி மூலையில் 1, கடைசி 20. கூட்டினால் 86. இந்த வரிசையையும் சேர்த்து 18 வரிசை நேராகப் பின்னுங்கள். அக்குளில் போட்ட சங்கிலிகளையும் அடுத்த வரிசையில் தையலாக எண்ணிக்கொள்ளணும். கடைசியில் சுற்றி ஒரு வரிசை சிங்கிள் போட்டால் கீழ் ஓரம் சுருளாது. கழுத்திலிருந்து நீளம் 24 செ.மீ. அளவுக்கு வரும்.

கைகள். அக்குள் சங்கிலியில் நூலைச் சேர்த்து, அந்த இரண்டு சங்கிலியில் 2, விட்டு வைத்த 30 தையலில் 30, ஆக 32 ஹாஃப் டபுள் வட்டமாகப் போட்டு இணையுங்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் திரும்பிப் பின்னினால் உடம்பின் பின்னலும் கையின் பின்னலும் ஒரே மாதிரி தெரியும். 16 சுற்று. அடுத்த சுற்றில் இரண்டு தையல் சாதாரணமாக, அதற்கடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக, இப்படியே எட்டு முறை செய்தால் 24 ஆகும். அதன்மேல் மூன்று சுற்று சிங்கிள். மணிக்கட்டை இறுக்காத அளவுக்கு இது போதும். கை நீளத்தைக் கூட்டாதீர்கள். குழந்தையின் உள்ளங்கை வெளியே தெரியணும், அதுதான் அது தன்னைத் தேற்றிக்கொள்ளச் சப்புகிற பொருள்.

முன் ஓரம். உடம்பும் தோளும் சேர்ந்து 30 வரிசை. இரண்டு வரிசை ஓரத்துக்கு 3 சிங்கிள் என்ற கணக்கில் 45 தையல் எடுத்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று வரிசை. கழுத்தைச் சுற்றி ஒரு வரிசை.

மார்கழியில் எட்டு மாதம் ஆகும் குழந்தைக்கென்றால் தோள்பகுதியை 12-க்குப் பதில் 14 வரிசையாக்குங்கள். முன்பக்கம் 22, முதுகு 42, அக்குள் சேர்த்து 94 தையல், சுற்றளவு 52 செ.மீ. கை 36. உடம்பில் மூன்று, நான்கு வரிசை கூட்டிக்கொள்ளலாம்.

மூடுவது எப்படி?

பொத்தான் அழகுதான். ஆனால் ஆறு மாதக் குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் வாய்க்குத்தான் கொண்டுபோகும். பின்னலில் தைத்த பொத்தான் துணியில் தைத்ததைவிடச் சீக்கிரம் தளரும். கட்டாயம் வேண்டுமென்றால் தட்டையான பொத்தானை, உள்பக்கம் ஒரு சின்னத் துணித் துண்டு வைத்து, இறுக்கித் தைத்து, ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் இழுத்துப் பார்க்கணும். எனக்குப் பிடித்தது ஜபலாவில் இருக்கிற மாதிரி துணிக்கட்டு. அகலமான பருத்தி நாடா, முடிச்சுப் போட மட்டும் போதுமான நீளம், மார்புக்கு நேரே ஒரு ஜோடி. கழுத்தருகே எந்தக் கயிறும் வேண்டாம், குஞ்சம் தொங்கும் கயிறு கண்டிப்பாக வேண்டாம். ஒரே கட்டு என்பதால் திறக்க ஒரு நொடி. தூங்குகிற குழந்தையைத் தொந்தரவு செய்யாமல் அவிழ்த்துவிடலாம்.

எவ்வளவு வேலை, யார் வேலை?

மேலே சொன்ன சட்டையில் எத்தனை தையல் என்று வரிசை வரிசையாகக் கூட்டிப் பார்த்தேன். 4,300-ஐ ஒட்டி வருகிறது. பழக்கமான கை நிமிஷத்துக்குப் பத்து தையல் போடும் என்று வைத்துக்கொண்டால் ஏழு மணி நேரத்துக்கு மேல். புதியவருக்கு அதுபோல இரண்டு மடங்கு. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் இருக்கிறது, ஆனால் குரோஷாவுக்குத் தொழிற்சாலை இயந்திரம் சந்தையில் இல்லை. கடையில் தொங்குகிற நிஜ குரோஷா உடுப்பு ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது.

தருமபுரிக்காரர்கள் இதை யோசிக்கக் காரணம் உண்டு. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய மாவட்டம் இதுதான். குழுக்களில் "வீட்ல இருந்தே குரோஷா போட்டு விக்கலாமே" என்ற பேச்சு அடிக்கடி வரும். ஆந்திராவின் நரசாபுரத்தில் இது ஒன்றரை நூற்றாண்டாக நடக்கிறது. அந்த லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982-இல் எழுதிய புத்தகம் மறுபக்கத்தைச் சொல்கிறது. வெளிநாட்டுச் சந்தைக்கு நாளெல்லாம் பின்னிய பெண்களை 'வீட்டில் சும்மா இருக்கிறவர்கள்' என்றே எல்லோரும் கணக்கு வைத்தார்கள். அதனால் கூலி மிகக் குறைவு, லாபம் வியாபாரிகளுக்கு.

நம்ம கணக்கையும் போட்டுப் பார்ப்போம். புதிதாகப் பின்னுகிறவருக்கு ஒரு கார்டிகன் இரண்டு நாள் வேலை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-இல் தமிழ்நாட்டின் தினக்கூலி 336 ரூபாயாக இருந்தது. இரண்டு நாளைக்கு 672 ரூபாய். நூல் விலை தனி. இதற்குக் கீழே விலை சொன்னால் உங்கள் கைவேலைக்கு நீங்களே மண்வெட்டி வேலையைவிடக் குறைந்த கூலி போட்டுக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். விற்கிறவர்கள் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்களும் பேரம் பேசும் முன் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பேரக் குழந்தைக்குப் பின்னுகிற பாட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், அது வேற விஷயம்.

போட்ட பிறகு

கார்டிகனை ஜபலாவுக்கு மேலே போடுங்கள், நேராகத் தோலில் வேண்டாம். காற்று வீசும் இடத்தில் பின்னலுக்கு மேலே ஒரு மெல்லிய துணி சுற்றினால்தான் உள்ளே காற்று அசையாமல் நிற்கும். தூளியில் போடும்போது தூளித் துணியே மூன்று பக்கமும் மூடியிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அங்கே கார்டிகனின் கட்டை அவிழ்த்துவிடலாம், பல நாள் கழற்றியே விடலாம். நமக்கு இதமாக இருக்கும் உடுப்பைவிடக் குழந்தைக்கு ஒரு அடுக்கு கூட என்பது பொதுவான கணக்கு. அதற்குமேல் அடுக்கினால் சூடு ஏறும். தூங்கும் கைக்குழந்தைக்கு அதிகச் சூடும் ஆபத்துதான்.

குழந்தைக்குக் குளிருதா, வேர்க்குதா என்று எப்படித் தெரியும்? கையைத் தொட்டு முடிவு பண்ணாதீங்க. கிராம சுகாதார செவிலியர்கள் சொல்லித் தரும் முறை எளிது. உங்கள் கையைச் சூடாக்கிக்கொண்டு, புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரியாக இருக்கிறது. வயிறு கதகதப்பு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர ஆரம்பித்திருக்கிறது. கட்டைக் கட்டி, காலுறை போட்டு, மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சில்லென்று இருந்தால் நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்பணும். கழுத்தின் பின்பக்கம் ஈரமாக, வயிறு சுடச்சுட இருந்தால் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.